ஐந்து புள்ளி எழுத்து

தண்டையார்ப்பேட்டையில் மேம்பாலம் இறங்குமுன்
மூன்றாவது ஷட்டர் என் கடை.
காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
மணலிக் கம்பெனிகளுக்கு
மருந்து டப்பாவோடு போகும் துண்டுச்சீட்டு.
எட்டாக மடித்தால் கழுத்தில் தொங்கவேண்டும்,
அதற்குள் ஒன்பது மொழிகள்.
தமிழுக்கு வந்தது ஒரு உள்ளங்கை இடம்.
எழுத்தைச் சுருக்கு என்றார்கள். சுருக்கினேன்.
ஐந்து புள்ளியில்
கிக்கும் கீக்கும் பேதம் போயிற்று.

பாராகுவாட் டைகுளோரைடு, இருபத்து நான்கு சதம்.
சாய்ந்து நிற்கும் சதுரம், கீழ்ப்பாதி மஞ்சள்.
அந்த மஞ்சளை நான்குமுறை திருப்பி அனுப்பினார்கள்:
இது எலுமிச்சை, இது மாம்பழம்,
சட்டம் கேட்கிற மஞ்சள் இதில்லை.

காண்டாக்ட் என்பதற்கு என்ன போடுவதென்று
ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன்.
தொடர்பு என்றால் போன் நம்பர் எங்கே என்பார்கள்.
தொடு களைக்கொல்லி என்று வைத்தேன்.
தொட்ட இலை சாகும்.
தொடாத வேருக்குச் சேதி போகாது.
வெயில் வேண்டும் அதற்கு.
இருட்டில் சும்மா கிடக்கும்,
விடிந்ததும் இலை
தன் பச்சையாலேயே தன்னை எரித்துக்கொள்ளும்.
கலங்கல் தண்ணீரில் கலக்காதீர்:
மண் அதைப் பிடித்துக்கொண்டால் விடாது.

டில்லிபாபு கொருக்குப்பேட்டை யார்டில்
தண்டவாளத்துப் புல்லுக்கு மருந்து அடிக்கிறவன்.
ஆதார் ஜெராக்ஸுக்கு வந்தவன்
திரையைப் பார்த்துச் சிரித்தான்.
"அக்கா, இது நம்ம சரக்காச்சே."
சட்டையில் நீலப்பச்சைத் திட்டு.
நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு.
மூக்கில் ஒரு பக்கம் பஞ்சு.
"இன்னா எய்திகீற? பட்சி சொல்லு."

நானூறு சதம் பெரிதாக்கிப் படித்தேன்.
முகக்கவசம். முழங்கால் வரை பூட்ஸ்.
காற்றுக்கு எதிரே தெளிக்காதீர்.
"காத்து நம்மள கேட்டுக்கினா அடிக்குது?
ஒரு பக்கம் ஹார்பரு, ஒரு பக்கம் கூட்ஸு,
ரெண்டுத்துக்கும் நடுவுல நானு."
ரப்பர் கையுறை.
"குட்த்தாங்க. ஒரு ஜோடி. மூணு பேருக்கு."

எதெதுக்கு அடிக்கலாம் என்று கேட்டான்.
தேயிலை, உருளை, பருத்தி, ரப்பர்,
நெல், கோதுமை, திராட்சை, ஆப்பிள்.
"ரயிலு?"
மேலிருந்து மறுபடி தேடினேன்.
ரயில் இல்லை.
கொஞ்சநேரம் சும்மா இருந்தான். பிறகு,
"ஆப்பிளுக்குன்னு நெனச்சிக்கிறேன் வுடு" என்றான்.

மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்தில்,
இதற்குத் தடை என்பது சீட்டில் இல்லை.
இருந்தாலும் போட இடமில்லை.

கடைசி வரியைப் படிக்காமல் விட்டேன்.
அவன் விரல் வைத்துக் காட்டினான்.
முறிமருந்து: இல்லை.
புல்லைக் கொல்வதற்குப் பெயர் மருந்து.
அதை முறிக்க
மருந்துக்கும் ஒன்றில்லை.
உள்ளே போய்விட்டால் ஆக்சிஜன் வைக்கவும்
டாக்டர்கள் தயங்குவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன்.
அதைச் சொல்லவில்லை.

தமிழ்ப் பத்தியை மட்டும் பெரிய தாளில்
கட்டை எழுத்தில் அடித்துக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
பத்து ரூபாய் வாங்கினேன், மை விற்கிற விலையில்.

ஐப்பசி மழை முடிந்து வந்தான்.
"அந்தப் பேப்பர ஷெட்டுல ஒட்னேன்க்கா.
மேஸ்திரி வந்து கிய்ச்சிட்டான்.
மறுநாளு இன்னொரு ஜோடி கையுறை வந்துச்சி.
இப்ப மூணு பேருக்கு ரெண்டு."
போகும்போது திரும்பிச் சொன்னான்,
"புல்லு மறுபடியும் வந்துகீது,
கணுக்கால் ஒசரம்.
வர்ற வாரம் வேல இருக்கு."
அப்போது அவன் முகத்தில் ஒரு களை.

சாயங்காலம் மணலியிலிருந்து போன்.
பத்தாவது மொழி ஒன்று சேர்க்கவேண்டுமாம்.
தமிழை நாலரைக்கு இறக்க முடியுமா?
முடியும் என்றேன்.
முடியும்தான்.